தூத்துக்குடி: முத்துக்குளித்துறை நகரின் வரலாறும் தொழிலும் மக்களும்

தூத்துக்குடி, தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கடற்கரையில் மன்னார் வளைகுடாவை ஒட்டி அமைந்துள்ள துறைமுக நகர். தூத்துக்குடி மாவட்டத்தின் தலைநகர். முத்துக்குளிப்பால் 'முத்துநகர்' என்று பெயர் பெற்றது. 1961-க்குப் பின் இங்கு முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. இன்று நகரின் வாழ்வு துறைமுகம், உப்பளம், மீன்பிடித்தொழில், ஆலைகள் ஆகியவற்றைச் சார்ந்துள்ளது. கடலிலிருந்து கிடைக்கும் செல்வத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி இந்நகரின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகிறது.

அமைவிடமும் இயல்பும்

தூத்துக்குடி தாமிரபரணி ஆறு கடலில் கலக்கும் இடத்திற்கு வடக்கே அமைந்துள்ளது. எதிரே கடலில் முயல்தீவு, வான்தீவு, காசுவாரித் தீவு, காரைச்சல்லித் தீவு முதலிய சிறு தீவுகள் உள்ளன. பவளப்பாறைகளைக் கொண்ட இத்தீவுகள் அலைகளின் வேகத்தைக் குறைத்துக் கரையைக் காக்கின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருப்பதால் தென்மேற்குப் பருவமழை இங்கு மிகக் குறைவு. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி மழை ஏறத்தாழ 650 மி.மீ. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெய்கிறது. ஆண்டின் எஞ்சிய மாதங்களில் வெயிலும் காற்றும் மிகுந்திருக்கும். வேளாண்மைக்குப் பாதகமான இந்த வறட்சியே உப்புத்தொழிலுக்குச் சாதகமாக அமைந்தது.

தூத்துக்குடி என்ற பெயருக்குப் பல விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. கடலோர நிலத்தைத் தூர்த்து உருவாக்கிய குடியிருப்பு என்பது அவற்றுள் ஒன்று. திருமந்திர நகர் என்ற பெயரும் உண்டு. ஆங்கில ஆட்சிக் காலத்தில் 'டூட்டிகொரின்' என்று அழைக்கப்பட்டது.

இடம் மாறிய துறைமுகங்கள்

தாமிரபரணி முகத்துவாரத்தில் பாண்டியர் காலத்தின் முதன்மைத் துறைமுகம் கொற்கை. சங்க இலக்கியம் கொற்கை முத்தைப் பலமுறை குறிப்பிடுகிறது. பொ.யு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'எரித்திரேயக் கடல் பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் குறிப்பு, பாண்டிய நாட்டின் கொல்கி என்ற ஊரில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுக்கப்பட்டதாகக் கூறுகிறது. தாலமியின் நிலவியல் நூலும் இத்துறையைக் குறிப்பிடுகிறது.

ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால் கொற்கை துறைமுகத் தன்மையை இழந்தது. இன்று அது கடற்கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வயல்கள் சூழ்ந்த சிற்றூர். கொற்கைக்குப் பின் காயல் துறைமுகமாயிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காயலை அரபு நாடுகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கும் செழிப்பான துறையாக வர்ணிக்கிறார். பழையகாயலும் மண்மேடிட்டபோது முகத்துவாரத்தில் புன்னைக்காயல் வளர்ந்தது.

தூத்துக்குடி இந்த வரிசையில் கடைசியாக எழுந்த துறை. ஆற்று வாயிலிருந்து விலகியிருந்ததால் வண்டல் அதை மூடவில்லை. தீவுகளின் மறைப்பு கப்பல்களுக்குப் பாதுகாப்பளித்தது. ஆனால் ஆறு இல்லாததால் குடிநீர் இல்லை. கடலும் ஆழம் குறைந்தது. இவ்விரு குறைகளும் இருபதாம் நூற்றாண்டு வரை நகரைத் தொடர்ந்தன.

முத்துக்குளித்துறை

வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு உள்ளிட்ட கடற்கரை ஊர்களை உள்ளடக்கிய பகுதி முத்துக்குளித்துறை எனப்பட்டது. முத்துக்குளிப்புக்காக அறிவிக்கப்படும் பருவத்திற்குச் 'சலாபம்' என்று பெயர். முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டு 'பார்' எனப்படும். தூத்துக்குடிக்கு அருகிலுள்ள தொல்லாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது.

சலாபம் ஆண்டுதோறும் நடப்பதில்லை. சிப்பிகள் முதிர்ந்துள்ளனவா என்று மாதிரி எடுத்துப் பார்த்த பின்னரே சலாபம் அறிவிக்கப்படும். கடல் அமைதியாக இருக்கும் மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் நடைபெறும். விடியுமுன் தோணிகள் பாருக்குப் புறப்படும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து, மூக்கை அடைத்துக்கொண்டு கடலடிக்கு இறங்குவார். சிப்பிகளை வலைக்கூடையில் சேர்த்ததும் கயிற்றை அசைப்பார். மேலிருக்கும் துணையாள் அவரை இழுத்தெடுப்பார். ஒருமுறை மூழ்கினால் ஏறத்தாழ ஒரு நிமிடமே கடலடியில் இருக்க முடியும். இந்தத் துணையாளின் கவனத்தையே குளிப்பவரின் உயிர் நம்பியிருந்தது.

சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டிகள்' ஒவ்வொரு சலாபத்திலும் இடம்பெற்றனர். அவர்கள் இல்லாமல் குளிப்பவர் கடலில் இறங்குவதில்லை. மார்க்கோ போலோ தம் குறிப்பில், எடுக்கப்பட்ட முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், மீன்களைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாக எழுதியுள்ளார்.

கரைக்கு வந்த சிப்பிகள் பங்கு பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. வாங்கியவர்கள் அவற்றை நாட்கணக்கில் அழுகவிட்டு, கழுவி, முத்தைத் தேடினர். பெரும்பாலான சிப்பிகளில் முத்து இருப்பதில்லை. எனவே சலாபம் பெரும் சூதாட்டத்தின் தன்மையைக் கொண்டிருந்தது. கடற்கரையில் தற்காலிகக் கடைத்தெருவே உருவானது. பல ஊர் வணிகர்கள் கூடினர். அழுகும் சிப்பியின் நாற்றமும் நோய்ப்பரவலும் சலாபத்தின் உடன்விளைவுகளாக இருந்தன.

போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துக்குளிப்பின் மீதான உரிமை குறித்துப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் இடையே மோதல் ஏற்பட்டது. பரதவர் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரினர். அதன் தொடர்ச்சியாக 1530-களில் பரதவர்கள் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றுக் கத்தோலிக்கர் ஆயினர். பாதுகாப்பு அளித்த போர்த்துக்கீசியர் முத்துக்குளிப்பில் வரியும் பங்கும் பெற்றனர்.

1542-ல் புனித பிரான்சிஸ் சேவியர் இக்கடற்கரைக்கு வந்தார். அவருக்குப் பின் வந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் தமிழ் கற்று, புன்னைக்காயலில் தங்கிப் பணியாற்றினார். அவர் உருவாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. தமிழ் எழுத்துக்களில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் ஒன்று இது.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். முத்து, சங்கு ஆகியவற்றுடன் துணி வணிகத்தையும் அவர்கள் நடத்தினர். டச்சுக்காரர்கள் சீர்திருத்தச் சபையினராக இருந்தும் பரதவர்கள் கத்தோலிக்கராகவே நீடித்தனர். பரதவர்களின் தலைவர் 'சாதித்தலைவர்' எனப்பட்டார். ஐரோப்பியருக்கும் தம் மக்களுக்கும் இடையே பேசும் இடத்தில் அவர் இருந்தார். சலாபத்தில் அவருக்கும் தனிப்பங்கு இருந்தது. மதுரை நாயக்கர், சேதுபதி மன்னர், கோயில்கள் ஆகியோரும் தம் பெயரில் குளிப்பவர்களை இறக்கும் உரிமை பெற்றிருந்தனர்.

ஆங்கிலேயர் நகரை இருமுறை கைப்பற்றித் திருப்பியளித்தனர். 1825-ல் தூத்துக்குடி நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் காலத்தில் சலாபம் அரசின் ஏகபோகமாக நடத்தப்பட்டது. அரசு எடுத்தது போகக் குளிப்பவர்களுக்குக் கிடைத்தது பொதுவாக மூன்றில் ஒரு பங்கு. அதைத் தோணியிலிருந்தவர்களும் கயிறு பிடித்தவர்களும் பகிர்ந்துகொண்டனர்.

முத்துக்குளிப்பின் முடிவு

முத்துச்சிப்பிகள் ஒரு பாரில் பெருகுவதும் முற்றாக மறைவதும் இயல்பாகவே நிகழ்பவை. சிப்பியின் இளம்பருவம் நீரோட்டத்தில் மிதந்து செல்வது. அது எங்கே படியும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. படிந்தவற்றை மணல் மூடுவதுண்டு. திருக்கை முதலிய மீன்களும் நட்சத்திர மீன்களும் தின்பதுண்டு. இதனால் சில ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் நடப்பதும் பின் நீண்டகாலம் நின்றுபோவதும் வழக்கம். சென்னை மாகாணத்தின் முத்து, சங்குத் துறையை மேற்பார்வையிட்ட ஜேம்ஸ் ஹார்னல் இப்பார்களை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

1926 முதல் 1928 வரை சலாபங்கள் நடந்தன. அதன்பின் ஏறத்தாழ கால்நூற்றாண்டு இடைவெளி. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் முத்தெடுக்கப்பட்டது. அதுவே கடைசி. பார்கள் பழையபடி மீளவில்லை.

இயற்கை முத்தின் சந்தையும் அதற்குள் மாறியிருந்தது. ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி 1893-ல் சிப்பிக்குள் அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டினார். 1920-களில் ஜப்பானின் வளர்ப்புமுத்து உலகச் சந்தையை நிறைத்தது. பாரசீக வளைகுடாவின் முத்துக்குளிப்பு ஊர்களும் இதனால் வீழ்ந்தன.

1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த விஞ்ஞானி கு. அழகர்சாமியின் குழு தூத்துக்குடியில் வளர்ப்புமுத்தை உருவாக்கியது. பின்னர் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிக்கும் முறையும் இங்கு உருவாக்கப்பட்டது. எனினும் அது பழைய சலாபத்தைப் போல ஆயிரக்கணக்கானோருக்கு வேலைதரும் தொழிலாக வளரவில்லை.

சங்குகுளிப்பு மட்டும் தொடர்கிறது. தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குச் சென்று மணமான பெண்கள் அணியும் வளையல்களாகிறது.

ரயிலும் ஆலையும் சுதேசிக் கப்பலும்

1866-ல் தூத்துக்குடி நகராட்சியாயிற்று. 1876-ல் ரயில்பாதை வந்தது. கரிசல் பூமியின் பருத்தி தூத்துக்குடி வழியே இங்கிலாந்துக்குச் சென்றது. ரயிலில் வந்து கப்பலேறிக் கொழும்பு செல்வது முதன்மை வழியாயிற்று. இலங்கையின் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களும் கொழும்பில் கடை நடத்திய வணிகர்களும் இவ்வழியே சென்றனர். 1914-ல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கப்பட்டபோது பயணிகள் போக்குவரத்தின் பெரும்பகுதி அங்கு மாறியது.

1888-ல் ஹார்வி நிறுவனத்தார் கோரல் நூற்பாலையைத் தொடங்கினர். தூத்துக்குடியில் ஆலைத் தொழிலாளர் என்ற புதிய வர்க்கம் உருவாயிற்று.

கொழும்புக்கான கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் பிடியில் இருந்தது. அதற்குப் போட்டியாக வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1907-ல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்ற கப்பல்கள் வந்துசேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ.உ.சி., சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகியோர் அதற்குத் துணைநின்றனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கோரிக்கைகளில் முதன்மையானவை. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. சில நாட்களில், மார்ச் 12 அன்று, தலைவர்கள் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எழுச்சி ஏற்பட்டது. வ.உ.சி.க்கு இரு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டுப் பின் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டன. அவர் 1912 டிசம்பரில் விடுதலையானபோது சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது. வ.உ.சி. 1936 நவம்பர் 18 அன்று தூத்துக்குடியில் மறைந்தார்.

குடிநீர்

மழையும் ஆறும் இல்லாத நகரில் நல்ல தண்ணீர் அரிய பொருளாக இருந்தது. நகராட்சித் தலைவராகப் பலமுறை பணியாற்றிய ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய்வழி கொண்டுவரும் திட்டத்தை முன்னெடுத்தார். 1927-ல் அது நிறைவேறியது. இன்றும் நகரின் குடிநீருக்குத் தாமிரபரணியே ஆதாரம். ஆலைகளுக்கும் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் இடையே அந்நீரைப் பங்கிடுவது தொடரும் சிக்கலாக உள்ளது.

உப்பு

இந்தியாவில் உப்பு உற்பத்தியில் குஜராத் முதலிடம் வகிக்கிறது. தமிழ்நாட்டின் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் விளைகிறது. வேம்பார் முதல் ஆறுமுகநேரி வரை ஏறத்தாழ 25,000 ஏக்கரில் உப்பளங்கள் உள்ளன.

நிலத்தடியிலிருந்து இறைக்கும் உவர்நீர் முதலில் பெரிய பாத்திகளில் தேக்கப்படுகிறது. வெயிலில் செறிவு கூடியபின் சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சப்படுகிறது. அங்கே உப்பு படிகமாக இறங்கும். பலகைகொண்டு அதை வாரி வரப்பில் குவிப்பர். பின் தலைச்சுமையாகச் சுமந்து மேட்டில் அம்பாரமாகக் கொட்டுவர். சுமப்போரில் பெண்களே மிகுதி.

ஜனவரி அல்லது பிப்ரவரியில் பாத்தி சீர்செய்தல் தொடங்கும். செப்டம்பர், அக்டோபர் வரை உப்பு எடுக்கப்படும். கோடையில் வேலை விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். உப்பில் பட்டுத்தெறிக்கும் வெயிலால் கண் பாதிப்பும், உவர்நீரில் நிற்பதால் கால் வெடிப்பும் இத்தொழிலாளர்களிடம் பரவலாக உள்ளன. மழைக்காலத்தில் வேலை இல்லை. அம்மாதங்களில் வாங்கும் முன்பணத்தையும் கடனையும் அடுத்த பருவத்துக் கூலியில் கழிப்பது வழக்கம். 2022-ல் தமிழ்நாடு அரசு மழைக்கால நிவாரணமாக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

தோணியும் துறைமுகமும்

பழைய துறைமுகத்தில் ஆழம் போதாமையால் பெரிய கப்பல்கள் பல கிலோமீட்டர் தொலைவில் நங்கூரமிட்டன. சரக்கு படகுகளில் ஏற்றி இறக்கப்பட்டது. தூத்துக்குடியில் கட்டப்பட்ட மரத்தோணிகள் பாய்விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுசென்றன. தோணியின் தலைவர் 'தண்டல்' எனப்படுவார். இன்று தோணிகள் இயந்திரத்தால் இயங்குகின்றன. காய்கறி, கட்டுமானப் பொருட்கள் முதலியவற்றைச் சுமந்து அவை மாலத்தீவு செல்வது இன்னும் நிற்கவில்லை. இத்தோணித்தொழிலையும் பரதவர் வாழ்வையும் பின்னணியாகக் கொண்ட ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் 2013-ல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

நகருக்குத் தெற்கே கடலுக்குள் இரு அலைதடுப்புச் சுவர்களை ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்துப் புதிய துறைமுகம் உருவாக்கப்பட்டது. 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. நிலக்கரி, சுண்ணாம்புக்கல், உரம், சரக்குப்பெட்டகங்கள், காற்றாலை இறக்கைகள் முதலியவை கையாளப்படுகின்றன. 2023-24-ல் கையாண்ட சரக்கு நான்கு கோடி டன்னைத் தாண்டியது.

துறைமுகத்தை ஒட்டி ஸ்பிக் உர ஆலை, கனநீர் ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவை 1970-களில் எழுந்தன. அனல்மின் நிலையத்தின் ஐந்து அலகுகளின் மொத்தத் திறன் 1,050 மெகாவாட். 2025-ல் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்வாகன ஆலையைத் திறந்தது.

சூழலும் எதிர்ப்பும்

தூத்துக்குடிக் கடலில் பல பத்தாண்டுகள் பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டன. 1986-ல் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றுள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. வான்தீவும் வெகுவாகச் சுருங்கியதால் அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகள் இறக்கப்பட்டன.

1990-களில் தொடங்கப்பட்ட ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிராக மாசுபாட்டைக் காரணம்காட்டி மக்கள் போராடினர். 2018 மே 22 அன்று, தொடர்போராட்டத்தின் நூறாவது நாளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிச் சென்றவர்கள் மீது நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஆலையைத் திறக்கக்கோரிய மேல்முறையீட்டை 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆலையை நம்பியிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் லாரித் தொழிலாளர்களும் வேலை இழந்தனர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. நகரும் சுற்றுப்புற ஊர்களும் வெள்ளத்தில் மூழ்கின. உப்பளங்களில் குவித்திருந்த உப்பு கரைந்துபோனது.

மக்களும் பண்பாடும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை சுமார் 2.37 லட்சம். பரதவர், நாடார், முஸ்லிம்கள், பிள்ளைமார், தேவர், பட்டியல் சாதியினர் எனப் பல சமூகத்தவர் வாழ்கின்றனர். பர்னாந்து, மோத்தா, கொரேரா, ரோச், வாஸ் முதலிய போர்த்துக்கீசியக் குடும்பப்பெயர்கள் பரதவர்களிடம் வழங்குகின்றன. சன்னல், மேசை, சாவி, பீப்பாய் போன்ற சொற்கள் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழுக்கு வந்தவை.

பனிமய மாதா பேராலயத்தின் திருவிழா ஆண்டுதோறும் ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடைபெறுகிறது. 1806-ல் தங்கத்தேர் முதன்முறையாக இழுக்கப்பட்டது. குறிப்பிட்ட சிறப்பு ஆண்டுகளில் மட்டுமே தங்கத்தேர் ஓடும். பிற சமயத்தவரும் திரளாகக் கலந்துகொள்வர். சங்கரராமேசுவரர் கோயில் நகரின் முதன்மையான சிவன் கோயில். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றால் செய்யப்படும் மக்ரூன் இவ்வூரின் அடையாளமான தின்பண்டம். அது போர்த்துக்கீசியர் தொடர்பால் வந்ததாகக் கூறப்படுகிறது.

இன்றைய நிலை

1986 அக்டோபர் 20 அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் உருவாக்கப்பட்டது. 2008-ல் தூத்துக்குடி மாநகராட்சியாயிற்று. விசைப்படகு மீனவர்களும் நாட்டுப்படகு மீனவர்களும் தனித்தனித் துறைகளிலிருந்து கடலுக்குச் செல்கின்றனர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். முன்பு சலாபம் நடந்த மாதங்களில் ஒரு பகுதி இன்று விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம்.

துறைமுக விரிவாக்கமும் புதிய ஆலைகளும் நகரின் வருவாயைப் பெருக்கியுள்ளன. உப்பளத்திலும் படகிலும் வேலை செய்வோரின் வருமானம் இன்றும் பருவத்தைச் சார்ந்தே உள்ளது. முத்துக்குளிப்பு நின்றபின்னும் தூத்துக்குடி மக்கள் தங்கள் ஊரை முத்துநகர் என்றே அழைக்கின்றனர். சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் விரைவு ரயிலின் பெயரும் முத்துநகர்.